தோற்றவர் கட்டிய விமானம்

1950 இல் கொரிய யுத்தம் மூண்டபோது, இரவில் எதிரியின் பாதைகளைத் தாக்க அமெரிக்க விமானப்படையிடம் இருந்தவை பழைய பி-26 விமானங்களே. ஆகவே நட்பு நாடான பிரித்தானியாவின் ‘கன்பரா’ ஜெட் விமானத்தையும் அது பரீட்சைக்கு அழைத்தது.

1951 பெப்ரவரி 26 இல் அன்ட்றூஸ் தளத்தில் போட்டி நடந்தது. வேகத்தில் விஞ்சியது அமெரிக்க மாட்டின் நிறுவனத்தின் எக்ஸ்பி-51. ஆனால் குறுகிய வட்டத்தில் திரும்பவும், நெடுநேரம் வானில் நிற்கவும் வல்லது கன்பராவே. சுதேசப் பெருமை பாராது அதனையே தெரிந்தனர். வேடிக்கை என்னவெனில், அனுமதி பெற்று அதனைக் கட்டும் பணி தோற்ற மாட்டினுக்கே கிடைத்தது!

பி-57 எனப் பெயர் மாறி அது முதலிற் பறந்தது 1953 யூலை 20 இல். ஏழே நாட்களில் கொரியாவில் போர்நிறுத்தம். ஆயினும், நேயர்களே, ஒரு யுத்தத்துக்கென வாங்கிய ஆயுதம் அதனோடு உறங்கிவிடுவதில்லை. 1965 இல் அதே விமானம் வியட்நாமிற் குண்டு வீசியது.