செவியும் மின்பெருக்கியும்



ஒரு கருவியை மதிப்பிட விரும்புவோர் அதன் விலையையும் விளம்பரத்தையும் நோக்குமுன், அது எந்தக் குறையை நீக்கப் பிறந்தது என்று கேட்டல் நலம். கைபேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையே பொருத்திக் கேட்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. சட்டைப்பையில் அடங்கும் இக்கருவியை மின்பெருக்கி என்று தமிழில் கூறலாம். நாள்தோறும் பாட்டும் பாடமும் கேட்கும் மாணவருக்கு இது தேவைதானா? இதன் தரத்தை எவ்வாறு அறிவது? விடை காண, சற்றே வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

கிரஹாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்தே ஆண்டுகளில், 1881இல், பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்பொருட்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். இசை நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கம்பி வழியே அந்த இசையைப் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர் இரு செவிகளிலும் இரு கேட்பான்களை வைத்துக் கேட்டனர்; பாடுவோர் மேடையில் இடம்பெயர்வதையும் செவியாலேயே உணர்ந்தனர். ஆனால் வழியில் அவ்வொலியை வலுப்படுத்தும் கருவி எதுவும் அன்று இல்லை. வந்து சேர்ந்த மெல்லொலியைச் செவிதான் கூர்ந்து பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வானொலியின் தொடக்க நிலையும் இதுவே. நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தால் மின்காந்த அலைகளைக் கண்டறியும் முறைக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இத்தகைய படிகங்களைக் கொண்டு அமைந்தவையே கிரிஸ்டல் செட்டுகள். அவற்றுக்கு மின்கலமே வேண்டியதில்லை. வான்கம்பி பற்றிய அலையின் ஆற்றலே ஹெட்போனையும் இயக்கியது. ஆகவே ஹெட்போன் மிக நுட்பமாக இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டு அடுக்களையிலேயே அத்தகைய ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். சென்னை மாகாண வானொலி மன்றம் 1924இல் ஒலிபரப்பத் தொடங்கிய காலத்திலும் உலகெங்கும் எளியோரின் வானொலி கிரிஸ்டல் செட்டாகவே இருந்தது.

இக்குறையைப் போக்க வந்ததே மின்பெருக்கி. ஃபிளெமிங் 1904இல் அமைத்த வால்வைத் தொடர்ந்து, லீ டி ஃபாரஸ்ட் 1906இல் ஆடியான் என்னும் வால்வை உருவாக்கினார். பின்னர் அதனுள் அமைந்த ஒரு கம்பி வலையே மின்பெருக்கத்துக்கு வழி திறந்தது. அது செயற்படும் முறையை ஏரி மதகோடு ஒப்பிடலாம். மதகைத் திருகுபவன் கையின் வலிமை சிறிது. வெளிப்பாயும் நீரின் வலிமை பெரிது. கை திருகுமளவுக்கு நீர் கூடும், குறையும். இங்கே ஏரி என்பது மின்கலம். கை என்பது வரும் ஒலிக்குறிப்பு. கையின் அசைவை நீர் சிறிதும் பிசகாமல் பின்பற்றுமாயின் அது நல்ல மின்பெருக்கி.

வால்வுகள் சூடேறுவன, பெரிய மின்கலங்களை வேண்டுவன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றியது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி சட்டைப்பைக்கு வந்தது. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் தோன்றியது. அதன் முதல் வடிவில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன என்பது சுவையான செய்தி.

எனினும் சிறு கருவிகளின் மின்னழுத்தம் பெரிய ஹெட்போன்களுக்குப் போதவில்லை. எனவே 1990களின் பிற்பகுதியில் ஆர்வலர் பலர் மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் 9 வோல்ட் மின்கலத்தை வைத்துத் தாமே மின்பெருக்கி செய்துகொண்டனர். இன்றைய கையடக்கப் பெருக்கிகள் பல அவ்வழியில் வந்தவை.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு மில்லிவாட் ஆற்றலுக்கு 100 டெசிபல் ஒலிதரும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். ஆற்றல் பத்து மடங்காகும்போது 10 டெசிபல் கூடும். அப்படியாயின் 80 டெசிபலில் கேட்க வேண்டுவது மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கே! 500 மில்லிவாட் என்று விளம்பரம் செய்யும் பெருக்கியோ அதே ஹெட்போனில் ஏறத்தாழ 127 டெசிபல் எழுப்ப வல்லது. அது செவிக்கு இன்பமன்று, ஊறு. ஆனால் ஹெட்போனின் மின்தடை 32 ஓமாக இருப்பின் ஒரு மில்லிவாட்டுக்கு 0.18 வோல்ட் போதும். 300 ஓமாயின் 0.55 வோல்ட் வேண்டும். ஆகவே மின்தடை மிக்க ஹெட்போன் உடையவருக்கே தனிப் பெருக்கி பெரிதும் பயன்படும்.

ஆற்றல் மிகுந்துவிட்ட இக்காலத்தில், மெல்லக் கேட்கும்போது கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதே மதிப்பீட்டின் உரைகல். பாட்டில்லாதபோது இரைச்சல் கேட்கிறதா? ஒலியை மிகவும் தாழ்த்தும்போது இரு செவிகளிலும் ஒரே அளவாக ஒலிக்கிறதா? பெருக்கியின் வெளியீட்டு மின்தடை, ஹெட்போனுடைய மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் உள்ளதா? மேற்பட்டால் சில ஹெட்போன்களில் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் தம் அளவு பிறழக்கூடும். மேலும், சற்று உரத்து ஒலிப்பதைச் சிறந்ததென்று கருதுவது மனித இயல்பு. எனவே இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

அண்மையில் என் பேரன் கொணர்ந்த பெருக்கி ஒன்றை இவ்வாறே சோதித்தேன். நான் கண்களை மூடிக்கொள்ள, அவன் மாற்றி மாற்றி இணைத்தான். அவனுடைய 32 ஓம் கேட்பானில் எங்கள் இருவருக்கும் வேறுபாடு புலப்படவில்லை. என்னிடமிருந்த 300 ஓம் ஹெட்போனிலோ, கைபேசியில் மங்கியிருந்த மிருதங்க ஒலி பெருக்கியில் தெளிவு பெற்றது. பேருந்தில் சென்றபோது அப்பெருக்கி உதவவில்லை. வெளி இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத்தான் கை சென்றது. அங்கே வேண்டுவது காதை நன்கு மூடும் கேட்பானே.

இதில் பொருட்செலவை விடப் பெரியதொன்று அடங்கியுள்ளது. நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழை உயிரணுக்கள் ஏறத்தாழ பதினையாயிரம் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரியோர் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. சிறுவர்க்கு அது 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் கேட்போருக்கு வாரத்தில் நான்கு மணி நேரமே உண்டு.

அன்று மெல்லொலிக்காகச் செவி தன்னைக் கூர்மையாக்கிக் கொண்டது. இன்று பேரொலியிலிருந்து செவியைக் காக்கும் பொறுப்பு நம் விரலிடம் வந்துள்ளது. கருவியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒலியைக் குறைத்து வைத்து நிறைவாகக் கேட்கும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். உங்கள் அறுபதாம் வயதிலும் இசை உங்களுக்குக் கேட்க வேண்டும் அன்றோ?