உயிரணுவின் கதை – 14: குப்பைத் தொட்டிக்குப் போய்த் திரும்பிய மரபணு

ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. வயிற்றில் குழந்தை வளர்வதும் இப்படித்தான், உடம்பில் கட்டி வளர்வதும் இப்படித்தான். ஒழுங்கான செல்லுக்கு எப்போது பிளக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிகிறது. புற்றுச் செல்லுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. அப்படியானால் செல்லுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது எது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர்களில் ஒருவர், கண்டுபிடித்த காலத்தில் ஒரு புற்றுக்கட்டியைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்தவரில்லை. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட். அதிலும் ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து பிரித்தெடுத்த ஓர் ஈஸ்ட்.

பால் நர்ஸ் 1949ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தவர், லண்டனின் வெம்பிளிப் பக்கம் வளர்ந்தவர். அப்பா ஹைன்ஸ் உணவுத் தொழிற்சாலையில் மெக்கானிக். அம்மா துப்புரவு வேலைக்குப் போனவர். பையன் அறிவியலில் சூட்டிகை, ஆனால் பிரெஞ்சு மொழி வரவே இல்லை. பள்ளித் தேர்வில் பிரெஞ்சுப் பாடத்தில் ஆறு முறை தோற்றார். வேற்றுமொழி ஒன்றில் தேறாமல் அன்று பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாது. எனவே கின்னஸ் பீர் ஆலையின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர் இவர் விண்ணப்பத்தைப் பார்த்து, நிர்வாகத்திடம் பேசி, பிரெஞ்சு நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார். அந்தச் சலுகை கிடைத்திராவிட்டால் இந்த வாரம் எழுத எனக்கு வேறு ஆளைத்தான் தேட வேண்டியிருந்திருக்கும். (பின்குறிப்பாக ஒன்று: 2002ல் பிரெஞ்சு அரசு தன் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானரை இவருக்குக் கொடுத்தது.)

நார்விச்சில் முனைவர் பட்டம் முடித்ததும் நர்ஸ் எடின்பரோவில் மர்டோக் மிச்சிசன் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். செல் எப்படி வளர்கிறது என்பதை அளந்து அளந்தே ஆயுளைக் கழித்தவர் மிச்சிசன். அவருக்கு மரபியல் கைப்பழக்கம் இல்லை. அதனால் நர்ஸ் முதலில் சில மாதங்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உர்ஸ் லியூபோல்டிடம் அந்த ஈஸ்டின் மரபியலைக் கற்றுக்கொண்டு வந்தார். மிச்சிசனிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் ஆய்வகத்தில் பிறர் செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார். 1975ல் ‘நேச்சர்’ இதழில் வந்த, இந்தத் துறையைத் திருப்பிப்போட்ட கட்டுரையில் பால் நர்ஸ் என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத் தலைவரின் பெயர் தானாகவே ஏறிக்கொள்ளும் இடங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பச் சிரமமான செய்தி.

அமெரிக்காவின் சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் அப்போதே ரொட்டி ஈஸ்டில் ஒரு வழியைக் காட்டியிருந்தார். மரபணு பழுதான ஈஸ்டுகளை உண்டாக்கி, எது பழுதானால் செல் பிளவுபடும் பாதையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. நர்ஸும் அதையே தன் ஈஸ்டில் செய்தார். இந்த ஈஸ்ட் குச்சி போல நீளமாக வளர்ந்து நடுவில் பிளக்கும். பிளக்க முடியாமல் போன செல் நீண்டுகொண்டே போகும், கண்டுபிடிப்பது எளிது. அப்படி நீண்டவற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் நேர்மாறானவை தட்டுப்பட்டன. வழக்கமான அளவை எட்டும் முன்பே பிளந்துவிடும் குட்டிச் செல்கள். ஸ்காட்லாந்தில் சின்னதை ‘வீ’ என்பார்கள், அந்தப் பெயரையே வைத்தார்.

பிளக்க முடியாத செல்லில் எதுவும் கெட்டுப்போயிருக்கலாம். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் புரதமோ, உணவு செரிக்கும் புரதமோ, ஏதாவது ஒன்று கெட்டால் வேலை நிற்கும். ஆனால் நேரத்துக்கு முன்பே பிளக்கும் செல் என்றால், அங்கே கெட்டிருப்பது நேரம் குறிக்கும் பொறுப்பில் இருக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இதைப் பிடித்துக்கொண்டார் நர்ஸ்.

குட்டிச் செல்களைத் தேடித் தேடி ஐம்பது வரை சேர்த்தார். எல்லாவற்றிலும் பழுது ஒரே மரபணுவில்தான் இருந்தது. ‘வீ-1’ என்று அதற்குப் பெயர். மாதக்கணக்கில் தேடினாலும் அதே மரபணுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வளர்ப்புத் தட்டு ஒன்றில் இன்னொரு குட்டிச் செல் கூட்டம் தெரிந்தது. ஆனால் தட்டு முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்வது பெரிய வேலை, கடைசியில் இதுவும் வீ-1 ஆகத்தான் இருக்கும் என்று தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்ததும் மனசு கேட்கவில்லை. மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேடேறி ஆய்வகத்துக்குத் திரும்பி, தட்டைக் குப்பையிலிருந்து எடுத்தார்.

அது வீ-1 இல்லை. வேறொரு மரபணு. சோதித்துக்கொண்டே போனதில் அது பிளவை நிறுத்தும் மரபணுக்களின் பட்டியலில் ‘சி.டி.சி.-2’ என்று ஏற்கெனவே இருந்த மரபணுதான் என்று தெரிந்தது. அந்த மரபணு முழுதாகப் பழுதானால் செல் பிளப்பதே இல்லை. இங்கோ அதே மரபணுவில் வேறு விதமான ஒரு மாற்றம், செல்லை அவசரப்படுத்தியிருக்கிறது. ஓடும் பேருந்தில் பிரேக்கைக் கெடுக்க நூறு வழி உண்டு, யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம். இன்ஜினை இன்னும் வேகமாக ஓடும்படி ‘கெடுப்பது’ அபூர்வம். ஐம்பதில் ஒன்றாகத்தான் அது கிடைக்கும். வீ-1 பிரேக், சி.டி.சி.-2 இன்ஜின்.

குப்பைத் தொட்டிக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் நர்ஸின் உண்மையான துணிச்சல் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து நடந்தது. இடையில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் பீச் முதலியவர்களோடு சி.டி.சி.-2 மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார். ஹார்ட்வெல்லின் ரொட்டி ஈஸ்டில் இருந்த சி.டி.சி.-28 மரபணுவை இந்த ஈஸ்டில் வைத்தாலும் வேலை நடக்கிறது என்று 1982ல் காட்டினார்கள். 1984ல் லண்டன் இம்பீரியல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் அவரை அழைத்துக்கொண்டது. புற்றுநோய்க்கென்று மக்கள் கொடுத்த நன்கொடையை ஓர் ஈஸ்ட்காரருக்குக் கொடுப்பதா என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அங்கே மெலனி லீ என்ற இளம் ஆய்வாளரும் நர்ஸும் இறங்கிய சோதனை இதுதான். சி.டி.சி.-2 பழுதான ஈஸ்டுகளை எடுத்துக்கொண்டார்கள். வெப்பத்தைக் கூட்டினால் அவற்றால் பிளக்க முடியாது. மனித செல்களின் மரபணு நகல்களை மொத்தமாக அவற்றுக்குள் தூவினார்கள். எந்த மனித மரபணு வேண்டும் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அப்படி ஒன்று இருந்தால் அதைப் பெற்ற ஈஸ்ட் மட்டும் பிழைத்துப் பெருகும். ஈஸ்டும் மனிதனும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த இடைவெளியைத் தாண்டி ஒரு மனித மரபணு ஈஸ்டுக்கு உயிர் கொடுக்கும் என்று பந்தயம் கட்ட அன்று அதிகம் பேர் துணிந்திருக்க மாட்டார்கள்.

ஈஸ்ட் பிழைத்தது. பெருகிய கூட்டத்திலிருந்து மனித மரபணுவை எடுத்துப் படித்தார்கள். அது உண்டாக்கும் புரதத்தின் 63 சதவீதம் ஈஸ்டின் புரதத்தோடு அச்சாகப் பொருந்தியது. 1987ல் ‘நேச்சர்’ அதை வெளியிட்டது. நம் உடம்பின் செல் பிளவைத் தொடங்கி வைப்பதும், பீரில் மிதக்கும் ஈஸ்டின் பிளவைத் தொடங்கி வைப்பதும் ஒரே வகைப் புரதம் என்று அன்று உறுதியானது. பிற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கிவிடும் கைனேஸ் அது. அதற்குத் துணையாக ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, பிளவின்போது அழியும் ‘சைக்ளின்’ புரதத்தை டிம் ஹன்ட் 1982ல் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் இயந்திரம் ஓடும். ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001ல் நோபல் பரிசு.

நோபலுக்குப் பின் நர்ஸ் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தபோது, பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வந்த சான்றிதழைப் பார்த்தால், அக்காள் என்று அவர் நினைத்திருந்தவரின் பெயர் தாய் என்ற இடத்தில் இருந்தது. தந்தையின் பெயருக்கான இடம் காலி. பெற்றோர் என்று எண்ணியிருந்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். அதற்குள் அவர்களும் இல்லை, அந்தத் தாயும் இல்லை. வாழ்நாளெல்லாம் மரபியல் படித்தவர், தன் பரம்பரையைக் குடியேற்ற விண்ணப்பத்துக்கு வாங்கிய காகிதத்தில்தான் தெரிந்துகொண்டார். இதை அவரே மேடைகளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் நோயாளிக்கு என்ன தந்தது? சி.டி.சி.-2 குடும்பத்தில் மனித உடம்புக்குப் பல உறவினர்கள் உண்டு. அவற்றில் சி.டி.கே.-4, சி.டி.கே.-6 என்ற இரண்டும் பல மார்பகப் புற்றுநோய்களில் அளவுமீறி வேலை செய்கின்றன. குடும்பம் முழுவதையும் அடக்கிய முதல் மருந்துகள் நல்ல செல்களையும் சேர்த்துப் படுத்தியதால் தேறவில்லை. இந்த இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து அடக்கும் பால்போசிக்ளிப் மாத்திரைக்கு 2015 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஹார்மோன் சார்ந்த முற்றிய மார்பகப் புற்றில், வழக்கமான ஹார்மோன் மருந்தான லெட்ரோசோலோடு இதைச் சேர்த்துக் கொடுத்த ஆரம்பகட்டச் சோதனையில் நோய் முற்றாமல் நிற்கும் காலம் 10.2 மாதத்திலிருந்து 20.2 மாதமானது. நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று இதைச் சொல்வது தவறு. ஆயுளைக் கூட்டுகிறது என்பதைப் பெரிய சோதனையில் தெளிவாகக் காட்டியது பின்னால் வந்த, இதே வகை மருந்தான ரைபோசிக்ளிப்தான். பால்போசிக்ளிப்பின் சோதனை அதை நிரூபிக்கவில்லை. ஆனால் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பத்து மாதம் சின்ன விஷயமில்லை. அந்த ‘வீ-1’ பிரேக்கை அடக்கிப் புற்றுச் செல்லைத் தப்பு நேரத்தில் பிளக்க வைத்துக் கொல்லும் மருந்துகளும் சோதனையில் இருக்கின்றன.

பால்போசிக்ளிப்பின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. இப்போது பல இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன, விலையும் முன்னைவிட வெகுவாக இறங்கியிருக்கிறது. வீட்டில் யாருக்காவது இந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், விலை குறைந்த தயாரிப்பு பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

(தொடரும்)