நீலம் பாரிக்கும் காளான்

கொடைக்கானலுக்குப் போகிறேன் என்றால் ‘அந்தக் காளான் கிடைக்குமா?’ என்று கண்ணடித்துக் கேட்பவர்கள் உண்டு. என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் தேடும் சிலோசைபி கியூபென்சிஸ், மழைக்குப் பின் மேய்ச்சல் நிலத்துச் சாணத்தில் முளைப்பது. பொன்பழுப்புக் குடை, தண்டில் மெல்லிய வளையம். கிள்ளினால் அந்த இடம் நீலம் பாரிக்கும். உள்ளிருக்கும் சிலோசைபின் சிதைந்து காற்றுப் படுவதால் வரும் நிறம் அது. தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட இன்னொரு சிற்றினம், சென்னைப் பல்கலைக்கழகக் காளானியலாளர் கே. நடராஜனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெயரிட்டவர் மெக்சிகோ அறிஞர் குஸ்மான்.

இந்தக் காளான்களின் புகழும் மெக்சிகோவிலிருந்துதான் கிளம்பியது. 1957 மே மாதம் ‘லைஃப்’ இதழில் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் எழுதிய கட்டுரை அதற்குக் காரணம். அவருக்குக் காளான்மேல் ஆர்வம் வரவழைத்தவர் மனைவி வாலன்டினா. ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவர். 1927இல் தேனிலவின்போது அவர் காட்டுக் காளான்களை மடி நிறையப் பறித்துவர, கணவர் நடுங்கிப்போனாராம். வாலன்டினாவும் தன் அனுபவத்தை அதே மாதம் வேறொரு இதழில் எழுதினார். அதை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

வாசனுக்குக் காளான் கொடுத்தவர் மரியா சபீனா. ஹுவாட்லா மலையூரின் மசாடெக் பழங்குடி வைத்தியர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நோயாளிக்காக மட்டும் இரவில் பாடி நடத்தும் சடங்கு அது. 1955இல் ஊர் அதிகாரி கேட்டதால் மறுக்க முடியவில்லை என்று பின்னாளில் சொன்னார். யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லி எடுக்கவிட்ட படம் உலகம் முழுக்கப் போனது. 1958இல் ஹாஃப்மன் சிலோசைபினைப் பிரித்தெடுத்தார்; சாண்டோஸ் கம்பெனி அதை மாத்திரையாக்கியது. 1962இல் அந்த மாத்திரையை மரியா சபீனாவிடமே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். காளானின் சக்தி இதிலும் இருக்கிறது என்று அவர்தான் சான்று சொன்னார். ஹிப்பிகள் குவிந்தார்கள், போலீஸ் வந்தது, ஊர் அவரைப் பழித்தது, வீடு எரிக்கப்பட்டது. வெளியாட்கள் வந்தபின் காளான்கள் வலுவிழந்துவிட்டன என்றார். 1985இல் வறுமையில் இறந்தார்.

அதே ஆண்டுதான் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. சிலோசைபின் அதன் பட்டியலில் இருக்கிறது. காளான் இயற்கையாக விளையும் பூஞ்சை, அதையே போதைக் கலவையாகக் கொள்ள முடியாது என்று 2025 ஜனவரியில் ஜாமீன் வழக்கொன்றில் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. இந்த வாதம் ஓயாது. ஆனால் வழக்குக் கட்டுகளுக்கும் ஆய்வுத்தாள்களுக்கும் வெளியே பழனி மலையில் இன்னொரு அறிவு இருக்கிறது. எது உணவு, எது விஷம் என்று பிரிக்கும் பெண்களின் அறிவு. சாதாரணமானதல்ல அது, தப்பினால் ஈரலே போய்விடும் காளான்கள் உண்டு.

தாண்டிக்குடியில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் அக்காவிடம் கேட்டேன்.

“புத்துல வர்றதத்தான் எடுப்போம் தாயி. சாணியில வர்றதத் தொடமாட்டோம், எங்க அம்மா சொல்லிக் குடுத்தது. இப்ப வெறகு பெறக்கப் போனாக்கூட, கார நிறுத்தி ‘காளான் இருக்கா’ன்னு கேக்குறானுக. நாம என்னமோ விக்கிற மாதிரி. கூடையத் தெறந்து காட்டச் சொல்றான் ஒருத்தன்.”

“காட்டினீங்களா?”

“கூடைக்குள்ள அருவா இருந்துச்சு. அதக் காட்டுனேன்.”