கடனும் பங்கும்: ஸுபைர் (ரலி) விட்டுச்சென்ற சொத்தின் கணக்கு

ஸஹாபாப் பெருமக்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் போர்க்களங்களிலும் இரவுத் தொழுகைகளிலும் தேடிப் படிக்கிறோம். அவர்களுடைய கொடுக்கல் வாங்கலைத் தேடிப் படிப்பவர் குறைவு. ஆயினும் ஸஹீஹ் புகாரியில், போர்ச்செல்வத்தின் ஐந்திலொரு பாகத்தைப் பேசும் பகுதியில், ஒரு ஸஹாபியின் சொத்துக் கணக்கு ஏறத்தாழ முழுமையாகவே எண்களோடு பதிவாகியிருக்கிறது. வாங்கிய விலை, விற்ற விலை, கடன், பங்குகள், காத்திருந்த ஆண்டுகள் எல்லாம் அதில் உள்ளன. ஒரு சொத்தின் மதிப்பு என்ன, அது எந்த நாளின் மதிப்பு, கடன் கொடுத்தவருக்கும் பங்கு வைத்திருப்பவருக்கும் என்ன வேறுபாடு என்று நிறுவன நிதிப் பாடத்தில் இன்று கல்லூரிகள் எழுப்பும் கேள்விகளை அந்த ஒரே அறிவிப்பை வைத்து நாம் நடத்திவிடலாம்.

சொத்துக்கு உரியவர் ஸுபைர் பின் அல்அவ்வாம் (ரலி). நபி (ஸல்) அவர்களின் அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன். சுவர்க்கம் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். ஹிஜ்ரி 36இல், அதாவது கி.பி. 656இல், ஜமல் போர் நடந்த நாளில் அவர் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்தார். தாம் கொல்லப்படக் கூடும் என்றும், தம் மனத்தைப் பெரிதும் அழுத்துவது தம் கடனே என்றும் சொன்னார். கடன் போக ஏதேனும் மிஞ்சுமா என்று மகனிடமே கேட்டார். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படியும், மிஞ்சுவதில் மூன்றிலொரு பாகத்தை வஸிய்யத்தாக ஒதுக்கி, அதில் மூன்றிலொன்றை அப்துல்லாஹ்வின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படியும் பணித்தார். முடியாமற்போனால் தம் எஜமானனிடம் உதவி கேள் என்றார். எஜமானன் யார் என்பது மகனுக்கு விளங்கவில்லை. அல்லாஹ் என்று பதில் வந்தது. பின்னாளில் அந்தக் கடன் நெருக்கும்போதெல்லாம் ஸுபைரின் எஜமானனிடமே முறையிட்டதாக அப்துல்லாஹ் (ரலி) சொல்கிறார்.

அன்றே ஸுபைர் (ரலி) ஷஹீதானார். அவர் ஒரு தீனாரோ திர்ஹமோ விட்டுச்செல்லவில்லை. விட்டுச்சென்றவை நிலங்கள், அவற்றுள் ஒன்று மதீனாவை ஒட்டிய ஃகாபா. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று. கடனைக் கூட்டிப் பார்த்தபோது 22 லட்சம் வந்தது. கையில் காசில்லை, கடனோ மலையளவு, ஆனால் சொத்து உண்டு. திவாலானவர் வேறு, ரொக்கம் இல்லாதவர் வேறு என்பதை வணிகர்கள் அறிவார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இவ்வளவு கடன் எப்படி வந்தது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஸுபைர் (ரலி) ஆளுநராக இருந்ததில்லை, வரி வசூலித்ததில்லை. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக அவரிடம் கொண்டுவருவார்கள். அவரோ, அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன், ஆகவே அமானிதமாக வேண்டாம், கடனாகவே இருக்கட்டும் என்று மாற்றிக்கொள்வார். ஃபிக்ஹில் இதன் விளைவு பெரிது. அமானிதம் கவனக்குறைவின்றித் தொலைந்தால், வைத்திருந்தவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அதை அவர் தம் தேவைக்குப் பயன்படுத்தவும் கூடாது. கடனானால் பயன்படுத்தலாம், ஆனால் எது நடந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். ஆக, கொடுத்தவருக்குத் தொகை உறுதியாயிற்று. அந்தத் தொகை கூடாது, குறையாது. ஸுபைருக்கோ நட்டத்தின் பாரமும் வளர்ச்சியின் பலனும் சேர்ந்து வந்தன. பொறுப்பை ஏற்றவருக்கே ஆதாயம் என்ற சட்ட விதியை நாம் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கிறோம். அது நடமாடியதை இங்கே காண்கிறோம்.

கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகனான ஹகீம் பின் ஹிஸாம் (ரலி), அப்துல்லாஹ்வைச் சந்தித்து, என் சகோதரருக்கு எவ்வளவு கடன் என்று விசாரித்தார். அப்துல்லாஹ் முழுத் தொகையையும் வெளியிடாமல் ஒரு லட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாது போலிருக்கிறதே என்றார் ஹகீம். 22 லட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதும், உங்களால் தாங்க முடியாது, இயலாவிட்டால் என்னிடம் உதவி கேளுங்கள் என்று அன்போடு சொன்னார். ஹகீம் வணிகத்தில் பழுத்த குறைஷி. அவருடைய மதிப்பீடே இப்படித் தவறியது என்றால், பிறர் சொத்தை ஊகத்தால் அளப்பது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

ஃகாபா நிலத்தை ஸுபைர் (ரலி) 1,70,000க்கு வாங்கியிருந்தார். அப்துல்லாஹ் அதைப் பதினாறு பங்குகளாக்கிப் பங்கு ஒரு லட்சம் என 16 லட்சத்துக்கு மதிப்பிட்டார். வாங்கிய விலையைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், கடனுக்கு முன்னால் அந்த நிலம் ஒரு பொருட்டாகவே இருந்திராது. ஏட்டில் எழுதிய விலையும் சந்தை விலையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. எனினும் 16 லட்சம் மட்டும் 22 லட்சக் கடனை அடைக்காது. ஆகவே வீடுகளும் விற்பனையில் சேர்ந்தன என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

ஸுபைரிடம் வர வேண்டியது உள்ளவர்கள் ஃகாபாவுக்கு வாருங்கள் என்று அறிவிப்புச் செய்யப்பட்டது. ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் வந்தார். கொடைக்குப் பெயர் பெற்றவர். அவருக்கு 4 லட்சம் வர வேண்டியிருந்தது. நீங்கள் விரும்பினால் விட்டுவிடுகிறேன் என்றார். இப்னு ஸுபைர் வேண்டாம் என்றார். அப்படியானால் தவணையாகப் பிற்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் வேண்டாம். சரி, எனக்கு நிலத்தில் ஒரு துண்டைக் கொடுங்கள் என்றார். இங்கிருந்து அங்குவரை உமக்கு என்று அளந்து கொடுத்தார் இப்னு ஸுபைர்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தவணைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் எத்தனை ஆண்டு கழிந்தாலும் 4 லட்சம் 4 லட்சமாகவே இருந்திருக்கும். காலத்துக்காக ஒரு காசு சேர்த்தாலும் அது வட்டி. நிலமாகப் பெற்றதோ வேறு கதி அடைந்தது. பின்னர் அவர் தம் பாகத்தை முஆவியா (ரலி) அவர்களுக்கு 6 லட்சத்துக்கு விற்றதாக அதே அறிவிப்பு சொல்கிறது. கடன் பங்காக மாறியதும் ஏற்ற இறக்கத்தின் வாசல் திறந்துவிட்டது. நிலம் விலை இறங்கியிருந்தால் அந்த நட்டமும் அவருடையதே. இன்று நெருக்கடியில் சிக்கும் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் பணத்துக்குப் பதிலாகப் பங்கு பெற்றுக்கொள்வதும் இதே வகைதான்.

மிஞ்சிய நாலரைப் பங்குகளின் கதை விரைவாக முடிகிறது. முஆவியாவின் அவையில் ஒரு பங்கு என்ன மதிப்பு, எத்தனை மீதம் என்று பேச்சு எழுந்தது. முன்திர் பின் ஸுபைர் ஒன்றையும், அம்ர் பின் உஸ்மான் ஒன்றையும், இப்னு ஸம்ஆ ஒன்றையும் தலா ஒரு லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய ஒன்றரையை 1,50,000க்கு முஆவியா வாங்கினார். அதே நிலம், அதே வாங்குபவர். ஆனால் இப்னு ஜஅஃபரிடம் வாங்கியபோது ஒன்றரை மடங்கு விலை. கடனை அடைக்க விற்பவரும் அவசரமின்றி விற்பவரும் ஒரே விலை பெறுவதில்லை.

கடன் தீர்ந்தது. ஸுபைரின் மற்ற மக்கள் வாரிசுச் சொத்தைப் பிரித்துத் தரும்படி கேட்டார்கள். அப்துல்லாஹ் மறுத்தார். நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர் உண்டா என்று அறிவித்த பிறகே பிரிப்பேன் என்றார். எல்லாத் திசை மக்களும் கூடும் இடம் அதுவே. சொன்னபடி நான்கு ஆண்டுகள் அறிவித்து, அதன்பின் வஸிய்யத்தை நீக்கிப் பங்கிட்டார். நான்கு மனைவியருக்கும் தலைக்கு 12 லட்சம் கிடைத்தது என்றும், மொத்தச் சொத்து 5 கோடியே 2 லட்சம் என்றும் அறிவிப்பு முடிகிறது.

எண்கள் இங்கே இடிக்கின்றன. ஃபராயிழ் படிக்கும் மாணவர் எவரும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மனைவியருக்குச் சேர்த்து 48 லட்சம். அது எட்டில் ஒன்று. எனவே வாரிசுகளுக்குரியது 3 கோடியே 84 லட்சம். வஸிய்யத்தான மூன்றிலொன்று 1 கோடியே 92 லட்சம். இரண்டும் சேர்ந்து 5 கோடியே 76 லட்சம். கடன் 22 லட்சத்தையும் கூட்டினால் 5 கோடியே 98 லட்சம். அறிவிப்பு சொல்லும் மொத்தத்தைவிட 96 லட்சம் அதிகம்!

இப்னு ஹஜர் (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரியில் இந்த 96 லட்சத்தை விரிவாக ஆராய்கிறார். திம்யாத்தி (ரஹ்) அவர்களின் பெயர் இங்கே வருகிறது. ஒரு விளக்கம், மனைவியர் பங்கு 10 லட்சமே, 2 லட்சம் அறிவிப்பில் தவறிச் சேர்ந்தது என்பது. அப்படிப் போட்டால் கணக்கு ஒரு காசு பிசகாமல் 5 கோடியே 2 லட்சத்தில் நிற்கிறது. மற்றொரு விளக்கம், எந்த எண்ணையும் தவறென்று சொல்வதில்லை. 5 கோடியே 2 லட்சம் என்பது இறந்த நாளின் மதிப்பு. மனைவியர் பெற்றது பிரித்த நாளின் மதிப்பு. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிலமும் வீடும் தந்த வளர்ச்சியே அந்த 96 லட்சம்.

நமக்கு இரண்டாவதே மனத்துக்கு ஒப்புகிறது. கடன் போன நிகர மதிப்பு 4 கோடியே 80 லட்சம். அது 5 கோடியே 76 லட்சமாவது நூற்றுக்கு 20 வளர்ச்சி. நான்கு ஆண்டுகளுக்கு இது நம்பத்தகாத வேகம் அன்று. விளைநிலமும் வாடகை வீடுகளும் தரக்கூடியதே.

இனி அந்த வளர்ச்சி யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். ஸுபைருக்கு ஒன்பது ஆண்மக்கள், ஒன்பது பெண்மக்கள். மனைவியர் பாகம் போக எஞ்சியதை 27 கூறாக்கி, மகளுக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு என்று கொடுக்க வேண்டும். இறந்த நாளின் மதிப்பில் ஒரு மகளுக்கு ஏறத்தாழ 10,37,000 வரும். பிரித்த நாளின் மதிப்பில் 12,44,000 வரும். சொத்தைக் கையில் வைத்து நிர்வகித்தவர் மூத்த மகன் அப்துல்லாஹ். கூடுதலை அவர் தம் உழைப்பின் பலன் என்று ஒதுக்கிக்கொண்டதாக அறிவிப்பில் இல்லை.

நம் மஹல்லாக்களுக்கு வருவோம். வாப்பா மவுத்தாகிறார். கடைத்தெருவில் ஒரு கடை, அதன் மேல்மாடி, ஊருக்கு வெளியே ஒரு மனை. காக்கா கடையைத் தொடர்ந்து நடத்துகிறார். பதினைந்து ஆண்டு கழித்து, பேரப்பிள்ளையின் கல்யாணத்தின்போது, தங்கையின் பங்கு பற்றிய பேச்சு வருகிறது. வாப்பா இறந்தபோது கடையின் மதிப்பு இவ்வளவுதான், உன் பங்கு இவ்வளவு, வாங்கிக்கொள் என்று ஒரு தொகை நீட்டப்படுகிறது. கொடுக்கிறார்களே என்று ஊரும் பாராட்டுகிறது. இதில் நடந்தது என்ன? தங்கையின் பங்கு அவளைக் கேளாமலே கடனாக மாற்றப்பட்டுவிட்டது. பதினைந்து ஆண்டு அவளுக்குத் தொகை நின்றது, காக்காவுக்குச் சொத்து வளர்ந்தது. வாரிசுரிமை மவுத்தின் கணத்திலேயே பிறந்துவிடுகிறது; பிரிக்கத் தாமதமாகும் நாளெல்லாம் அவள் பங்காளியே, கடன் கொடுத்தவள் அல்லள். மனையின் விலையேற்றமும் மேல்மாடியின் வாடகையும் அவளுக்கும் உண்டு.

காக்காவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டடம் தானாக விலையேறும். கடை தானாக நடக்காது. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியவர் அவர். புதிய சரக்குக்குத் தம் கைப்பணத்தைப் போட்டவரும் அவரே. அந்த உழைப்புக்குச் சம்பளமா, லாபத்தில் விகிதமா என்று முதல் ஆண்டிலேயே எல்லாரும் அமர்ந்து எழுதியிருந்தால் முளாரபாவாகவோ கூட்டாகவோ அழகாக நடந்திருக்கும். எழுதாதபோது கடையின் வளர்ச்சியில் எவ்வளவு மூலதனத்தால், எவ்வளவு கையால் என்று பிரிப்பது கடினம். அதற்கு ஆலிமும் வேண்டும், கணக்காளரும் வேண்டும். கடையின் நற்பெயரையும், குறைந்த வாடகையில் நீடிக்கும் குத்தகை உரிமையையும் மதிப்பில் சேர்க்க மறந்துவிடக் கூடாது. சரக்கை மட்டும் எண்ணிவிட்டுக் கடையின் மதிப்பு என்று சொல்வது, ஃகாபாவை 1,70,000 என்று சொல்வதற்குச் சமம்.

மொத்தமாகக் கொடுக்க ரொக்கம் இல்லை, ஐந்து ஆண்டில் தருகிறேன் என்று காக்கா சொன்னால்? தங்கை இசைந்தால் கூடும். ஆனால் அந்த நொடியே அவள் பங்கு கடனாகிவிடும், ஐந்தாம் ஆண்டில் அதே தொகைதான் வரும் என்பதை அவளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அல்லது இப்னு ஜஅஃபர் பெற்றதைப் போல மனையிலோ மேல்மாடியிலோ ஒரு பாகத்தை அவள் பெயருக்குப் பதிவு செய்துவிடலாம். ரொக்கமில்லாத குடும்பங்களுக்கு நாம் பெரும்பாலும் இதையே சொல்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது கடன். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது, வாப்பாவை நம்பிக் கொடுத்து வைத்தவர்களின் பணம் ஆகியவற்றை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள். உம்மாவின் கொடுபடாத மஹரைத்தான் மறக்கிறார்கள். அதுவும் வாப்பாவின் கடனே. உம்மாவின் எட்டிலொரு பங்குக்கு வெளியே, பங்கீட்டுக்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும். ரூபாயாக எழுதியிருந்தால், பெரும்பான்மை ஃபிக்ஹ் நூல்களின்படி அந்த ரூபாய்தான். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஐந்நூறு இன்றும் ஐந்நூறே. பவுனாக எழுதியிருந்தால் அத்தனை பவுனும் பவுனாகவே கொடுபட வேண்டும். எது எழுதப்பட்டது என்று அறிய, சொத்துப் பேச்சைத் தொடங்குமுன் ஜமாஅத்தில் பழைய நிக்காஹ் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.