குப்பை போடக் கற்றுக்கொண்ட கதை

குப்பை போடுவதற்கு யாராவது கற்றுத்தர வேண்டுமா என்ன? கற்றுத்தரத்தான் வேண்டியிருந்தது என்கிறார் அமெரிக்க வரலாற்றாய்வாளர் சூசன் ஸ்ட்ராஸர். 1999இல் வெளிவந்த அவருடைய 'வேஸ்ட் அண்ட் வாண்ட்' குப்பையின் சமூக வரலாறு. அதிபர்களையும் போர்களையும் ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் போகிற புத்தகம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீட்டில் கிழிந்த துணி குப்பை இல்லை. பெரியவரின் சட்டையை வெட்டிச் சின்னவனுக்குத் தைப்பார்கள். அதுவும் நைந்துபோனால் ஒட்டுப்போர்வை, பிறகு தரை துடைக்கும் துணி. கடைசியில் மிஞ்சும் கந்தலைப் பையில் சேர்த்துவைப்பார்கள். வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் வியாபாரி அதை எடுத்துக்கொண்டு தகரப் பாத்திரம் கொடுப்பார். அன்றைக்குக் காகிதம் செய்யக் கந்தல்தான் மூலப்பொருள். கொழுப்பு சோப்பானது, எலும்பு பொத்தானாகவும் உரமாகவும் ஆனது. சாமான் வந்த அதே வண்டியில் மிச்சமும் திரும்பிப் போனது.

நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழிலிருந்து காகிதம் வந்தது. கந்தலுக்கு மவுசு குறைந்தது. மெல்ல மெல்ல நகராட்சிகள் குப்பை அள்ளத் தொடங்கின.

ஆனாலும் நல்ல பொருளைத் தூக்கிப்போட மனசு வர வேண்டுமே? சுகாதாரம் அந்தக் கதவைத் திறந்தது. ரயிலிலும் பள்ளியிலும் எல்லாரும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்த காலம் அது. காசநோய்க்குப் பயந்து 1909இல் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடைசெய்தது. காகிதக் கோப்பைக்கு வழி பிறந்தது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பயன்பட்ட மரக்கூழ்ப் பஞ்சு, 1920இல் கோடெக்ஸ் நாப்கினாகக் கடைக்கு வந்தது. 1924இல் க்ளீனெக்ஸ். முகத்தில் பூசிய கிரீமைத் துடைக்க விற்ற தாள், சில ஆண்டுகளில் கைக்குட்டையின் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சிக்கனத்தை நினைத்து ஏங்குவது சுலபம். அந்தச் சிக்கனம் யாருடைய உழைப்பு? ஒட்டுப்போட்டதும், சோப்பு காய்ச்சியதும், மாதாமாதம் துணியை அலசிக் காயவைத்ததும் பெரும்பாலும் பெண்கள். தூக்கிப்போடும் நாப்கின் அவர்களுக்குக் கொடுத்த ஆசுவாசம் பொய்யில்லை. அதை மறந்துவிட்டு நுகர்வுக் கலாசாரத்தைத் திட்டினால், துவைக்கும் வேலையை மறுபடியும் அவர்கள் தலையில்தான் கட்டுவோம்.

அந்த மனிதர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கந்தலுக்கு விலை இருந்தது, எடுத்துப்போக வண்டி வந்தது, ஒட்டுப்போடக் கைக்குப் பழக்கம் இருந்தது. மூன்றும் போனபிறகு மிஞ்சியது குப்பைத்தொட்டி மட்டும். இன்று நெகிழியைத் தனியாகப் பிரித்துப்போடச் சொல்லி ஆளாளுக்கு உபதேசிக்கிறோம். பிரிக்கலாம், தப்பில்லை. கூடவே ஒன்று கேட்க வேண்டும்: அதை வாங்கிக்கொண்டு போக வேண்டிய வண்டி எங்கே?