மலைநாட்டில் நிலம் அளந்த வரலாறு



தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே வட்டகொடை என்றொரு புகையிரத நிலையம் உண்டு. அங்கு இறங்கி எத்திசை நோக்கினும் தேயிலையே. கண்ணுக்கு ஒரே பசுமையாய் விரியும் அம்மலைகள் உண்மையில் கோடுகளால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டவை. இந்த ஓடை வரை ஒரு தோட்டம், அந்தக் கல்லுக்கு அப்பால் மற்றொன்று என்று கோடு ஓடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அக்கோடுதான், ஒரு தொழிலாளி எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதைத் தீர்மானிக்கிறது. அக்கோடு வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

கண்டியரசர் காலத்தில் வயலை விதைப்பாட்டினால் அளந்தனர். ஓர் அமுணம் நெல் விதைக்கத்தக்க நிலம் ஓர் அமுண நிலம். மண்ணின் தரத்துக்கேற்ப விதையின் அளவு மாறும். ஆகவே ஓர் ஊர் அமுணமும் மற்றோர் ஊர் அமுணமும் ஒன்றல்ல. உழவனுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. காட்டையோ எவரும் அளக்கவில்லை.

ஆங்கிலேய ஆட்சியில், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1800 ஆகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். 1815இல் கண்டி வீழ்ந்தது. பின்னர் கோப்பிக்கு நிலம் வேண்டியிருந்தது. அவ்வேளையில் எழுந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும், தரிசும், குடியற்ற நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியன என்றது அது. சேனைப்பயிர் செய்துவந்த கண்டிக் குடியானவன், அரசர் அளித்த சன்னஸையோ வரி கட்டிய சான்றையோ காட்டினாலன்றி நிலம் தன்னதென்று சொல்ல இயலாது. நிலத்தில் கால் ஊன்றி நின்றவனைக் காட்டிலும் கையில் தாள் வைத்திருந்தவன் வலியவன் ஆனான்.

அதே 1840இல் அட்டனுக்கு மேற்கேயுள்ள அம்பகமுவைப் பகுதியில் 13,275 ஏக்கர் முடிக்குரிய காணி விற்கப்பட்டது. வாங்கியோர் பட்டியல் படிக்கத்தக்கது. தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சிக்கு 1,120 ஏக்கர். வீதி ஆணையாளர் ஸ்கின்னருக்கும் நீதியரசர் கார் என்பவருக்கும் சேர்த்து 862 ஏக்கர். நில அளவையாளர் நாயகம் நோரிஸுக்கும் அவருடன் சேர்ந்தோருக்கும் 762 ஏக்கர். அளவுகோலைப் பிடித்தவரே வாங்குவோர் வரிசையிலும் நின்றார்! அந்நாளில் ஏக்கரின் ஆரம்ப விலை ஐந்து சிலிங். 1844இல்தான் அது ஒரு பவுண் ஆயிற்று.

அவ்வாறு கோடு கிழிக்கப்பட்ட காடுகளை வெட்டி வெளியாக்கியவர் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோர். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. நிலப்படங்களில் லயங்களும் குறிக்கப்பட்டன. ஆனால் அவை தோட்டத்தின் கட்டடங்களாகவே குறிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் லயத்தில் வாழ்ந்தோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 2003இல் ஒரு சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கிற்று. எனினும் லயத்துக் காம்பராவின் வாசற்படிக்கு அப்பால் ஓரடி மண் தன்னதென்று சொல்ல அவர்களிடம் உறுதி இல்லை.

அண்மை ஆண்டுகளில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு எழுந்தது. இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் பல. ஆகவே 7 பேர்ச் என்பது யாது, அதனை எவர் அளக்கிறார், தாளில் எதைப் பார்ப்பது என்பவற்றை மலைநாட்டார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. இன்றைய படங்களில் இது 0.0177 ஹெக்டேயர் என்றிருக்கும். பூச்சியங்களைக் கண்டு அஞ்ச வேண்டா.

இங்கே மலைநாட்டுக்கே உரிய நுட்பம் ஒன்றுண்டு. நில அளவையாளர் சரிவின் மேல் நாடாவைக் கிடத்தி அந்நீளத்தை அப்படியே படத்தில் இடுவதில்லை. அதனைக் கிடைமட்டத்துக்கு மாற்றியே கணக்கிடுவார். முப்பது பாகைச் சரிவில் நாம் கயிறு பிடித்து நூறு அடி அளந்தால், படத்தில் அது எண்பத்தாறரை அடியே. படம் பிழையென்று அயலவரோடு சண்டைக்குப் போனவரும் உண்டு, படம் பிழையன்று. சரிவு எப்படியாயினும் சுவர் நேராகத்தானே எழுகிறது! ஆனால் அச்சரிவை வெட்டி மண்ணணை கட்டும்போது வீட்டுக்குரிய இடம் குறுகும் என்பதையும் மறத்தலாகாது.

இனி, அளவையாளரை அமர்த்துவது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, நில அளவைப் பேரவையில் பதிவுபெற்று, அவ்வாண்டுக்குரிய தொழில் உத்தரவும் உடையவரே தனியார் காணியை அளக்கலாம். அவ்வுத்தரவைக் காட்டும்படி கேட்பது அவமரியாதை ஆகாது. கூலியை முன்னரே எழுத்தில் பேசிக்கொள்க. உறுதி, பழைய படம், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதி ஆகியவற்றை அவர் கையில் கொடுங்கள். பழைய கோட்டைப் புதிய கோட்டின் மேல் பொருத்திப் பார்த்தாலன்றி வேலி நகர்ந்ததா என்பது தெரியாது.

ஒன்றை மயங்காது உணர வேண்டும். கோடு எங்கே என்பதை அளவையாளர் சொல்வார். காணி எவருடையது என்பதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கில்லை. அதனை உறுதியும், வழக்கு நேர்ந்தால் நீதிமன்றமும் சொல்லும். தோட்டக் காணி அரசுக்குரியது, கம்பனிகள் குத்தகைக்காரர். ஆதலால் அங்கே நாமே ஒருவரை அழைத்து அளந்து படம் வரைந்தால், நமக்குச் செலவு மிஞ்சுமேயன்றி உரிமை பிறவாது. பிரதேச செயலகத்தின் வழியே, அரசு அளவையாளர் வரைந்த படமும், அதில் நமது துண்டுக்கு ஓர் இலக்கமும், அவ்விலக்கத்தையே குறிப்பிடும் அளிப்புப் பத்திரமும் வேண்டும். படத்தில் துண்டு 14 என்றும் பத்திரத்தில் 41 என்றும் இருந்தால், அன்றே திரும்பச் சென்று திருத்துங்கள். பேரன் காலத்தில் திருத்துவது அரிது.

படத்தில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு எல்லைகளும், திசைக்குறியும், அளவுத்திட்டமும், அளந்த நாளும், அளவையாளரின் ஒப்பமும் இருக்கின்றனவா எனப் பாருங்கள். பாதைக்கு வழி விடப்பட்டுள்ளதா என்பதை மறவாது பாருங்கள். பீலிக்கரைக்கும் பிரட்டுக் களத்துக்கும் நடந்த பழைய ஒற்றையடிப்பாதை படத்தில் இல்லையாயின், அயலவர் வேலியடைத்த அன்று அது மறையும்.

அளக்கும் நாளில் அயல்வீட்டாரையும் அழைத்து உடன் நில்லுங்கள். கல் நாட்டும் இடங்கள் நான்கையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வட்டகொடை மழையில் ஈராண்டு கழிந்தால் புல் மூடிவிடும். கல் எங்கேயென்று காட்ட அப்பிள்ளைகளே இருப்பர்.