வான்குதிப்பு ஒளிப்படம்: லென்ஸும் கேமராவும் தேர்ந்தெடுத்தல்

விமானத்திலிருந்து குதிப்பவர்களை, அவர்களுடன் சேர்ந்து விழுந்துகொண்டே படமெடுப்பது வான்குதிப்பு ஒளிப்படக்கலை. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் குதிப்பவருக்குப் பாராசூட் விரியும்வரை கிடைக்கும் நேரம் ஒரு நிமிடம்தான். வயிறு தரையை நோக்கிய நிலையில் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தொடும். அந்த ஒரு நிமிடமும் படமெடுப்பவரின் கைகளும் கால்களும் பறப்பதற்கே வேண்டும். அதனால் கேமரா தலைக்கவசத்தில் ஏறிக்கொள்கிறது. 1969-இல் வெளிவந்த ‘தி ஜிப்சி மாத்ஸ்’ திரைப்படத்தின் வான்காட்சிகளை எடுத்த கார்ல் பேனிஷ் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். வ்யூஃபைண்டருக்குப் பதிலாகக் கண்ணுக்கு முன்னால் ஒரு வளையக் குறி இருக்கும். அதற்குள் படமெடுக்கப்படுபவர் வரும்படி தலையைத் திருப்புவதே சட்டகம் அமைக்கும் வழி. பல்லால் கடித்தோ நாவால் அழுத்தியோ ஷட்டரை இயக்குவார்கள். கண்ணும் கையும் கேமராவை விட்டு விலகிவிட்ட இந்த நிலையில், காற்றில் எந்த முடிவையும் எடுக்க வைக்காத, கழுத்து தாங்கக்கூடிய கருவியே நல்ல கருவி. மெகாபிக்சல் எண்ணிக்கையும் சென்சாரின் பெருமையும் அதற்குப் பிறகுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கேமரா அல்ல, லென்ஸ். பயிற்றுநரும் விருந்தினரும் ஒரே பாராசூட்டில் இணைந்து குதிக்கும் டான்டெம் குதிப்பை எடுத்துக்கொள்வோம். படமெடுப்பவர் அவர்களிடமிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில் பறந்தால்தான் முகபாவம் படத்தில் பதியும். ஏபிஎஸ்-சி சென்சாரில் 16 மி.மீ. லென்ஸ், மூன்று மீட்டர் தொலைவில் சுமார் 4.4 மீட்டர் அகலத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவரும். விரித்த கைகளுடன் இருவரும் அடங்கி, தலை சற்றே திரும்பிப்போனாலும் கெடாத அளவுக்கு இடம் மிஞ்சும். அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் 1.4 மீட்டரைத்தான் காட்டும்; வளையக் குறி சிறிது விலகினாலும் முகம் வெட்டுப்படும். குவியத்திலும் இதே கதைதான். 16 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 8-இல் வைத்து, குவியத்தை இரண்டு மீட்டருக்கு அருகில் நிறுத்தினால், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து அடிவானம்வரை எல்லாமே போதிய தெளிவுடன் வரும். 50 மி.மீ. லென்ஸில் அதே துளையில் இப்படியொரு நிம்மதி வேண்டுமென்றால் குவியத்தைப் பதினைந்து மீட்டருக்கு மேல் வைக்க வேண்டும். அப்போது மூன்று மீட்டரில் இருக்கும் முகம் மங்கிவிடும். தானியங்கிக் குவியம் வானத்தைப் பிடிக்குமா முகத்தைப் பிடிக்குமா என்ற கவலையை அகலக்கோண லென்ஸ் தரையிலேயே தீர்த்துவிடுகிறது.

ஜூம் லென்ஸ் இருந்தால் தூரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றுவதற்குக் கை எங்கே இருக்கிறது? தூரத்தை மாற்றுவது உடல். நெருங்கிப் பறப்பதே இங்கே ஜூம். ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களும் வளையத்தை ஒரே நிலையில் ஒட்டுநாடாவால் கட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். குவியத்தையும் இப்படி ஒட்டி நிறுத்த, குவிய வளையம் லென்ஸுடன் நேரடியாக இணைந்த பழைய வகையே நம்பகமானது. மின்மோட்டார் வழியாக நகரும் வகையில் வளையத்தை ஒட்டினாலும் உள்ளே குவியம் நகர்ந்துபோகலாம். அகலக்கோணம் ஓரங்களை இழுத்து உருவத்தைக் கெடுக்கிறது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. முகத்தை நடுவில் வைத்து, மீன்கண் லென்ஸ் அளவுக்குப் போகாமல் இருந்தால் அந்தக் குறை தாங்கக்கூடியதே.

அடுத்தது எடை. பாராசூட் விரியும் கணத்தில் உடல் பல மடங்கு ஈர்ப்பு விசையை உணரும். கடுமையாக விரிந்தால் அது மேலும் கூடும். கேனன் 5டி மார்க் 3, அதனுடன் 16-35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் என்ற இணையின் எடை ஏறக்குறைய 1.6 கிலோ. கேனன் 100டி, 10-18 மி.மீ. லென்ஸ் இணை 650 கிராமுக்குள் அடங்கும். நான்கு மடங்கு விசையில் முதலாவது 6.4 கிலோவாகவும், இரண்டாவது 2.6 கிலோவாகவும் கழுத்தில் இறங்கும். ஒரே நாளில் பலமுறை குதிப்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் எண் அல்ல. உயரமான கருவிக்கு நெம்புகோல் விளைவும் சேர்கிறது; துருத்தி நிற்கும் மூலைகளில் பாராசூட் கயிறு சிக்கும் ஆபத்தும் உண்டு. பல்லாலோ நாவாலோ இயக்கும் கம்பிவழிப் பொத்தானை இணைக்கும் செருகுவாய் இல்லாத கேமரா எவ்வளவு இலேசானாலும் பயனில்லை.

எடைக்காகப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரின் படத்தரத்தை விட்டுக்கொடுக்கலாமா? பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்றால் ஷட்டர் நொடியில் 1,600-இல் ஒரு பங்குக்குப் போய்விடும். படபடக்கும் உடையையும் தலை அதிர்வையும் நிறுத்த இது போதும். பெரிய சென்சாரின் சிறப்பு குறைந்த ஒளியில் வெளிப்படுவது. வான்குதிப்போ பெரும்பாலும் ஒளி மிகுந்த இடத்தில் நடக்கிறது. அந்தி நேரக் குதிப்புகள் இதற்கு நியாயமான விதிவிலக்கு. அவற்றை மட்டுமே எடுப்பவர் எடையைத் தெரிந்தே ஏற்கலாம்.

எடைதான் அளவுகோல் என்றால் 150 கிராம் ஆக்‌ஷன் கேமராவே போதுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. நிகழ்படத்துக்கு அது போதும். டான்டெம் பயிற்றுநர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வதும் அதைத்தான். ஆனால் அதன் மிக அகன்ற பார்வையில் மூன்று மீட்டரில் உள்ள முகம் சிறுத்துவிடும். சிறிய சென்சாரிலிருந்து அந்த முகத்தை வெட்டிப் பெரிதாக்கினால் விவரம் மிஞ்சாது. அச்சிட்டு மாட்டத்தக்க ஒளிப்படம் வேண்டுவோருக்கு இலேசான ஏபிஎஸ்-சி கேமராவே நடுவழி. கருவி சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணுவது தவறு. அமெரிக்கப் பாராசூட் சங்கம் கேமராவுடன் குதிக்க 200 குதிப்புகளின் அனுபவத்தைப் பரிந்துரைக்கிறது. கழுத்தின் வலிமை மட்டும் அதற்குக் காரணமல்ல. கேமரா கவனத்தையும் தின்னும். 1988-இல் வட கரோலினாவில் நூற்றுக்கணக்கான குதிப்புகளின் அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர் ஒருவர் பாராசூட் அணியாமலே படமெடுக்கக் குதித்து உயிரிழந்தார். குவியம், துளை, ஷட்டர், மின்கலம் அனைத்தையும் விமானம் ஏறுமுன்பே முடித்துவிட வேண்டும் என்பது இதனால்தான். கதவு திறந்தபின் கேமராவைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் எந்தக் கருவியும், படத்தரம் எவ்வளவு உயர்ந்ததானாலும், இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது.